கியர் பாக்ஸ் தேடித் திருவண்ணாமலைக்கு

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் விடிந்தும் விடியாததுமாக இறங்கினேன். ஆட்டோக்காரர் ஒருவர் ஓடிவந்து என் பையைப் பிடித்துக்கொண்டு, கோயிலா ஆசிரமமா என்று கேட்டார். காயலான் கடை என்றேன். பையை அப்படியே விட்டுவிட்டார்.

மார்கழிக் குளிர் பல்லைத் தந்தியடிக்க வைத்தது. எங்கள் ஆறுமுகநேரியில் குளிர் என்றால் ராத்திரி ஃபேனை ஒரு புள்ளி குறைத்து வைப்போம், அதோடு சரி. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு டீக்கடையின் அடுப்போரமாக ஒண்டி நின்றேன். எங்கள் பக்கத்து ஊர் காயல்பட்டினம். அந்த ஊர்ப் பெயரில்தான் தமிழ்நாடு முழுக்கப் பழைய இரும்புக் கடைக்குக் காயலான் கடை என்று பெயர் வந்தது என்பார்கள். அதற்குப் பக்கத்து ஊர்க்காரி, காயலான் கடை தேடி ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு வடக்கே வந்து நிற்கிறேன். விதியை என்ன சொல்ல!

வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் போனபோது எனக்கென்று மிச்சம் வைத்தது அவர் ஓட்டிய மூக்கு லாரியைத்தான். எஞ்சின் முன்பக்கம் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் காலத்து வண்டி. பிள்ளை குட்டி இல்லை. சுடலை என்ற டிரைவரை வைத்துக்கொண்டு, நானும் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, உப்பளத்துக்கும் கிட்டங்கிக் குடோனுக்கும் உப்பு லோடு அடித்துக்கொண்டிருந்தேன். ஐப்பசி மழைக்கு முந்தின கடைசி லோடில் கியர் பாக்ஸ் நொறுங்கிப்போனது. மெக்கானிக் கழற்றிப் பார்த்துவிட்டு, பல் போன கிழவிக்குப் பல் செட் கட்டலாம், இதுக்குக் கட்ட முடியாது, கம்பெனியில் இதையெல்லாம் நிறுத்தி மாமாங்கம் ஆச்சு என்றார்.

மதுரையிலிருந்து என் தம்பி வந்தான். நல்லவன்தான். வண்டியை எடைக்குப் போட்டுவிட்டு எங்க வீட்டுக்கு வந்துரு அக்கா, பின் ரூம் சும்மாதான கிடக்கு என்றான். அந்தப் பின் ரூமை நான் பார்த்திருக்கிறேன். அதில் அரிசி மூட்டை இருக்கிறது, ஓடாத தையல் மெஷின் இருக்கிறது. மூன்றாவதாக நான் போய் இருக்க வேண்டும். அளத்துக்காரர் வேறு, தை பிறந்ததும் அம்பாரத்து உப்பை ஏற்ற ஆரம்பித்துவிடுவோம், உன் வண்டி நின்றால் வேறு வண்டி பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார். ஆக, தைக்குள் கியர் பாக்ஸ் கிடைத்தால் என் வீடு, என் அடுப்பு, என் முன் சீட்டு. கிடைக்காவிட்டால் தையல் மெஷின் பக்கத்தில் ஒரு கட்டில்.

திருவண்ணாமலை யோசனை ஒரு அரிசி லோடு டிரைவர் கொடுத்தது. அந்தப் பக்கத்துக் கிராமங்களில் கிணறு வெட்டவும் ரைஸ் மில்லுக்கும் மூக்கு லாரிகளை நேற்றுவரை ஓட்டிக்கொண்டிருந்தார்கள், இப்போதுதான் ஒவ்வொன்றாகக் காயலான் கடைக்கு வருகிறது, போய்ப் பாருங்க என்றான். போய்விட்டேன்.

முதலில் தங்க இடம் பார்த்தேன். கோயில் பக்கத்து லாட்ஜில், கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார் மேனேஜர். யாரும் இல்லை என்றேன். ரூம் இல்லை என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் பலகை நிறையச் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த லாட்ஜிலும் அதே கேள்வி, அதே பதில். தனியாக வந்த பொம்பளை தூக்குப் போட்டுக்கொள்வாளோ என்று பயமாம், ஒரு ரூம் பையன் காதோடு சொன்னான். கடைசியில் செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்களுக்கு அறை விடுகிற மல்லிகா என்ற அம்மாள் இடம் கொடுத்தார். அங்கே தனியாக வருவதுதான் வழக்கமாம்.

பக்கத்து அறையில் வயதான ஒரு வெள்ளைக்காரி இருந்தாள். எந்நேரமும் மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். நீ எதைத் தேடி வந்திருக்கிறாய் என்று கேட்டாள். மல்லிகாவின் கல்லூரியில் படிக்கும் மகள்தான் மொழிபெயர்த்தாள். கியர் பாக்ஸ் என்றேன். அதையும் மொழிபெயர்த்தாள். வெள்ளைக்காரி கண்ணை மூடி, ரொம்ப நேரம் தலையை ஆட்டினாள். என்ன புரிந்ததோ.

நான் வந்து இறங்கியது வெள்ளிக்கிழமை. பாதிக் கடை பாய்மார்களுடையது, தொழுகைக்கு அடைத்தால் சாயங்காலம்தான் திறப்பு. மறுநாள் சனிக்கிழமை, இரும்பு கைமாறக்கூடாது என்று மீதிக் கடைக்காரர்கள். விலை பேசிக்கூட வைக்கக்கூடாதா என்றால், பேச்சும் கூடாதாம். ஞாயிறு எல்லாருக்கும் லீவு. சும்மா படுத்துக்கிடந்தேன். தெருவில் சாமியார்கள் போகிறார்கள், சைக்கிளில் வெள்ளைக்காரர்கள் போகிறார்கள், ஒருத்தருக்கும் நான் யாரென்று தெரியாது. தனியாக இருப்பது எனக்குப் புதுசு இல்லை. ஆனால் சொந்த ஊரில் தனியாக இருந்தால், ஏன் தனியா இருக்க என்று கேட்கவாவது நாலு பேர் உண்டு. இங்கே அதற்கும் நாதி இல்லை. ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுக் கடையில் சர்வர், எத்தனை பேர் என்று கேட்டான். ஒருத்தி என்றேன். சோறு வந்தும் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாத்தனூர் அணை மீன் வறுவல் என்று ஊரே புகழ்கிறதே என்று ஒரு நாள் வாங்கிப் பார்த்தேன். கடல் மீன் தின்று வளர்ந்த நாக்கு, ஒரே மண்வாடை. அதைத் தின்பவர்களிடம் சொன்னால் அடிக்க வருவார்கள். இட்லி நன்றாக இருந்தது, அதை ஒத்துக்கொள்கிறேன்.

திங்கட்கிழமையிலிருந்து அலைச்சல் ஆரம்பம். அவலூர்பேட்டை ரோட்டில் ஒரு கடை. மூக்கு லாரி இருந்தது, அதை நேற்றுத்தான் எடைக்கு வெட்டி ஏற்றினேன் என்றார் கடைக்காரர். நேற்று ஞாயிற்றுக்கிழமை லீவு என்றீர்களே என்றதற்கு, வெட்டறதுக்கு லீவு கிடையாது, விக்கறதுக்குத்தான் என்று விளக்கம் கொடுத்தார். வேட்டவலம் ரோட்டில் இன்னொரு கடை. அங்கே கியர் பாக்ஸ் இருந்தது, வேறு சாதி வண்டியுடையது. போளூர்ப் பக்கம் வண்டி முழுசாக நின்றது, கியர் பாக்ஸ் இருந்த இடத்தில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம் கதைதான்.

போளூரிலிருந்து திரும்பும்போது டவுன் பஸ் டயர் வெடித்து நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கிப் புளியமரத்தடியில் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் யார் மகளுக்கு எங்கே சம்பந்தம், யார் நிலத்தில் என்ன வம்பு என்று ஊர்க்கதை களைகட்டிவிட்டது. ஒரு அம்மாள் வேர்க்கடலை அவித்துக் கொண்டுவந்திருந்தாள், எனக்கும் ஒரு கை கொடுத்தாள். எந்த ஊர் என்று கேட்டாள். சொன்னேன். அவ்ளோ தூரமா என்று சொல்லிவிட்டுத் தன் பேச்சுக்குத் திரும்பிவிட்டாள். கடலை ருசியாகத்தான் இருந்தது.

புதன்கிழமை தண்டராம்பட்டு ரோட்டில் கபூர் பாய் கடைக்குப் போனேன். கடை என்றால் முள்வேலி போட்ட ஒரு காலி நிலம். கதவுகள் ஒரு பக்கம், அச்சுகள் ஒரு பக்கம், கிழிந்த சீட்டுகள் ஒரு பக்கம். எல்லாவற்றுக்கும் கடைசியில் வேலியோரமாக ஒரு மூக்கு லாரி நீல நிறத்தில் முழுசாக நின்றது. துருகூட அதிகம் இல்லை. எங்கள் உப்புக் காற்றில் நின்றிருந்தால் இந்நேரம் சல்லடை ஆகியிருக்கும். அடியில் குனிந்து, சுடலை எழுதிக் கொடுத்த நம்பரை கியர் பாக்ஸின் மேல் தேடினேன். அதே நம்பர். மேலே ஏறி கியர் ராடைத் தள்ளிப் பார்த்தேன். எல்லாக் கியரும் சுத்தமாக விழுந்தன. வாய்விட்டு அழுதுவிட்டேன். பாய் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

தண்ணீரைக் குடித்துவிட்டு, எப்போது கழற்றுவீர்கள் என்று கேட்டேன். பாய் தலையைச் சொறிந்தார்.

"அதுல நான் கை வைக்க முடியாதும்மா. ஓனரு கையால மொத நட்டு கழட்டணும். அதுக்கு முன்னாடி நான் ஸ்பேனர் வச்சா அது திருட்டு."

அவர்கள் கடை வழக்கமாம் அது. பாயின் அப்பா காலத்தில், ஒருவர் வண்டியை விற்றுவிட்டுப் போய், ராவெல்லாம் தூங்காமல் மறுநாள் காலையில் திரும்பி வந்து என் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடு என்று நின்றிருக்கிறார். அதற்குள் வண்டியைத் துண்டு துண்டாக்கிவிட்டார்கள். அந்த மனிதர் துண்டுகளுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். அன்றிலிருந்து யார் வண்டி கொடுத்தாலும் விலை பேசி முடித்தபிறகு, அவர்களே ஒரு நட்டைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். அதற்கப்புறம்தான் பாய் ஆட்கள் தொடுவார்கள்.

இந்த வண்டிக்காரர் பெயர் ஏழுமலை. விற்றது ஆனியில். ஆடியில் கூடாது என்றாராம். ஆவணியில் உடம்புக்கு முடியவில்லை. புரட்டாசி பெருமாள் மாசம். ஐப்பசியில் மழை. கார்த்திகையில் தீபம் முடியட்டும். இப்போது மார்கழியில் யாராவது வண்டியை உடைப்பார்களா, தை பிறக்கட்டும் என்கிறாராம். வாரத்துக்கு ஒரு தடவை வந்து வண்டியைத் துடைத்துவிட்டு மட்டும் போகிறாராம். பாய் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். தை பிறந்தால் எல்லாருக்கும் வழி பிறக்கும், எனக்கு அடைபடும்.

வீடு எங்கே என்று கேட்டேன். வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசில் வேலை பார்க்கும் மகனோடு இருக்கிறார் என்றார். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும், போய் ஒரு சண்டை போட்டுப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் பார்த்துப் பௌர்ணமி. செங்கம் ரோட்டில் வண்டி எதுவும் விடவில்லை. மலை சுற்றும் கூட்டம் மத்தியானத்திலேயே ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தது. வேங்கிக்காலுக்குப் போக நான் டவுன் பக்கம் வர வேண்டும், கூட்டம் முழுக்க எனக்கு எதிரே. எதிர்ப்பக்கமாகப் போகக்கூடாதும்மா, பாவம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஒருவர் என் தோளைப் பிடித்துத் திருப்பியே விட்டார். அத்தனை ஜனமும் ஒரே பக்கம் போக, நான் ஒருத்தி மட்டும் எதிரே நடந்தேன். அண்ணாமலையாரே, கோவிச்சுக்காதீரும், கியர் பாக்ஸ் கிடைத்ததும் ஒழுங்காகச் சுற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது, கற்பூரப் புகை என்று சமாதானம் செய்துகொண்டேன்.

வேங்கிக்காலில் எல்லாம் புது வீடுகள். ஏழுமலை வீட்டுக் கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. மருமகள் வாசலுக்கு வந்தாள். மரியாதையான பெண்தான். மாமா பின்னாடி இருக்காரு, போய்ப் பாருங்க என்று பக்கத்துச் சந்து வழியைக் காட்டினாள்.

பின்னாடி ஒரு அறை இருந்தது. மிச்சமான சிமென்ட் மூட்டை, பேரனுக்குச் சின்னதாகிப்போன சைக்கிள், ஒரு தண்ணீர் டிரம், ஒரு கட்டில். கட்டிலில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், வெள்ளை வேட்டி சட்டையோடு, எங்கேயோ கிளம்பப் போகிறவர் போல உட்கார்ந்திருந்தார். வழி முழுக்க நான் சேர்த்து வைத்த வசவெல்லாம் அந்த அறையைப் பார்த்ததும் பாதி கரைந்துவிட்டது. மீதிப் பாதியைக் கொட்டினேன்.

"அண்ணாச்சி, ஒரு நட்டக் கழட்டிக் குடுத்தா என்ன குறைஞ்சா போயிருவிய?"

அவர் கோபப்படவில்லை. யாரும்மா நீ என்றார். தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டுக்காரர் போனது, உப்பு லோடு, கடைசி லோடில் நொறுங்கியது, தம்பி வந்தது, மதுரை வீட்டுப் பின் ரூம். அழக்கூடாது என்று இருந்தேன், முடியவில்லை. என் வண்டி ஓடினால்தான் நான் நானாக இருப்பேன் என்றேன். அவர் வண்டியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"உன் தம்பி வூட்டு ரூம்ல ஜன்னல் இருக்குதாம்மா?" என்று கேட்டார்.

இருக்கு, பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரியும் என்றேன். அவர் தன் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். அங்கேயும் சுவர்தான், பூசாத செங்கல் சுவர். கூடத்தில் டிவி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

நாளைக்குக் காலையில் பாய் கடைக்கு வந்துவிடுகிறேன் என்றார். காப்பி கொண்டுவந்த மருமகள், மார்கழியில போயி எதுக்கு மாமா என்றாள். லாரிக்கு ஏது மார்கழி என்றார் அவர்.

சொன்னபடி வந்தார். ஸ்பேனரைத் தன் வீட்டிலிருந்தே துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்து, மூக்கு மூடியின் கீல் நட்டில் ஸ்பேனரை வைத்தார். இறுகிப்போயிருந்தது. மண்ணெண்ணெய் விட்டுக் காத்திருந்தார். பாயும் அவர் ஆட்களும் தள்ளி நின்றார்கள். பிறகு ஒரே மூச்சில் திருப்பினார். கழன்ற நட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார்.

"வண்டி ஓடிச்சின்னா ஒரு போன் போடும்மா. சத்தம் மட்டும் கேக்கணும்."

ஒரு துண்டுத் தாளில் வீட்டு போன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ரோட்டுக்குப் போய்விட்டார். காஸ் கட்டர் சத்தம் கேட்க ஆரம்பித்தபோது அவர் இன்னும் பஸ்ஸுக்குத்தான் நின்றுகொண்டிருந்தார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. என் வண்டி பிழைக்க அவர் வண்டி சாக வேண்டியிருக்கிறது. நான் கேட்டேன், அவர் கொடுத்துவிட்டார். நல்ல காரியம் செய்தேன் என்று சொல்லமாட்டேன். வேறு வழி தெரியவில்லை என்றுதான் சொல்வேன்.

தூத்துக்குடிக்கு அரிசி ஏற்றிப் போகும் லாரியில் கியர் பாக்ஸையும் என்னையும் ஏற்றிவிட பாய் ஏற்பாடு செய்தார். கிளம்பும்போது வெள்ளைக்காரி வாசலுக்கு வந்து, தேடியது கிடைத்ததா என்று கேட்டாள். கிடைத்தது என்றேன். கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது என்று மல்லிகா சொன்னார். மலை சுற்றுவதாகச் சொல்லியிருந்தேன் அல்லவா, அது இன்றுவரை பாக்கிதான்.

சுடலை கியர் பாக்ஸை மாட்டி முடிக்கும்போது பொங்கலுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். வண்டி கிளம்பியது. மூன்றாவது கியரில் மட்டும் ஒரு ஊளைச் சத்தம். எங்கள் பழைய கியர் பாக்ஸில் அது கிடையாது. சுடலை முகத்தைச் சுளித்தான். நான் நேராகக் கடைத்தெரு எஸ்.டி.டி. பூத்துக்கு விடச் சொன்னேன்.

மருமகள்தான் எடுத்தாள். மாமா, உங்களுக்குத்தான் போன் என்று கூப்பிட்ட குரலில் ஆச்சரியம் இருந்தது. அவர் வந்து மூச்சு வாங்கினார். சொல்லும்மா என்றார். சொல்றதுக்கு ஒன்றுமில்லை, கேளுங்க என்றேன். சுடலைக்குக் கையைக் காட்டினேன். அவன் மூன்றாவது கியரில் பூத் வாசலைக் கடந்து போனான். வயர் இழுக்கிற மட்டும் ரிசீவரை வெளியே நீட்டிப் பிடித்தேன்.

திரும்பக் காதில் வைத்தபோது டிவியில் யாரோ ஒரு பொம்பளை வாத்தியங்களோடு அழுதுகொண்டிருந்தாள். அவர் போனை விட்டு முகத்தைத் திருப்பி, அதக் கொஞ்சம் கம்மி பண்ணுங்களேன் என்று கேட்பது கேட்டது. அழுகை குறையவில்லை. சுடலையைத் திரும்ப வரச் சொன்னேன். மறுபடி நீட்டினேன். மறுபடி காதில் வைத்தேன். கொஞ்சம் கம்மி பண்ணுங்கப்பா என்று அவர் கெஞ்சினார். டீக்கடையில் இருந்தவர்களெல்லாம் எழுந்து வந்து எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டும். மூன்றாவது தடவையும் சுடலை வந்தான்.

கேட்டுச்சா அண்ணாச்சி என்றேன்.

"கேட்டுச்சும்மா. மூணாவதுல ஊள வுடுது பாரு, அது அப்பிடித்தான். பயப்படாத."

அவருக்குக் கேட்டுத்தான் சொன்னாரா, நினைவிலிருந்து சொன்னாரா, எனக்குத் தெரியாது. டிவி சத்தம் அப்படியேதான் இருந்தது. போனை வைக்க மனசு வரவில்லை. சுடலையை இன்னொரு சுற்று வரச் சொல்லிக் கையைக் காட்டினேன்.